சிறுநீரகத்துக்கு ‘குரோத் ஃபேக்டர்’ ஊசி போட்டால் திரும்ப வளருமா?

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறிப்போய் ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கும்போது, வெளியே காத்திருக்கும் உறவினர்களில் ஒருவராவது கேட்டுவிடுவார்: “குரோத் ஃபேக்டர்னு ஏதோ ஊசி இருக்காமே, அதைப் போட்டா கிட்னி திரும்ப வளர்ந்துடுமாமே?” கேட்பவர் மேல் தப்பில்லை. முடி உதிர்வுக்கும் மூட்டுத் தேய்மானத்துக்கும் முகப் பொலிவுக்கும் இதே பெயரில் விளம்பரங்கள் ஓடுகின்றன. பெயரைக் கேட்டாலே செடிக்கு வைக்கும் உரம்தான் நினைவுக்கு வருகிறது: கொஞ்சம் போட்டால் கொஞ்சம் வளரும், நிறையப் போட்டால் நிறைய வளரும்.

சிறுநீரகத்தில் நடப்பது வேறு. இந்தப் பொருள்கள் அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. அடிபட்ட சில மணி நேரத்திலேயே தாமாக வேலையைத் தொடங்கியும் விடுகின்றன. அவற்றில் சில காயத்தை ஆற்றும், சில தழும்பாக்கும். இரண்டையுமே செய்பவையும் உண்டு. எது, எங்கே, எத்தனை நாள் என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாமல் ஊசியைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

பெயர் ஒன்று, வேலை வேறு

குரோத் ஃபேக்டர், அதாவது வளர்ச்சிக் காரணி என்பது ஒரு செல் வெளியே அனுப்பும் சிறு புரதம். பக்கத்துச் செல்லுக்கோ, சில சமயம் அனுப்பிய செல்லுக்கேயோ அது ஒரு கட்டளையைக் கொண்டுபோகிறது. அந்தக் கட்டளை ‘பெருகு’ என்று இருக்கலாம். ‘செத்துப்போகாதே’, ‘இடம் நகர்ந்து போ’, ‘நார் நூற்கத் தொடங்கு’ என்றும் இருக்கலாம். ‘பெருகுவதை நிறுத்து’ என்று சொல்லும் காரணிகளும் உண்டு. அவற்றுக்கும் பெயர் வளர்ச்சிக் காரணிதான். கண்டுபிடித்தவர்கள் முதலில் எதைப் பார்த்தார்களோ அது பெயராக நின்றுவிட்டது, அவ்வளவே.

மில் சங்கை நினைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மாலை ஐந்துக்கு ஊதினால் வீட்டுக்குக் கிளம்பலாம். சத்தம் ஒன்றுதான். ஊர் முழுக்கக் கேட்டாலும் மில்லில் வேலை செய்பவருக்கு அது ஒரு சேதி. வாசலில் டீக்கடை வைத்திருப்பவருக்கு அதே சத்தம் ‘பாலை அடுப்பில் வை’ என்ற வேறு சேதி. அகாலத்தில் நிறுத்தாமல் ஊதினால் தீப்பிடித்துவிட்டது என்று ஊரே ஓடும்.

இந்தச் சங்கைக் கேட்கும் காதுக்கு ஏற்பி என்று பெயர். செல்லின் மேல்தோலில் பதிந்திருக்கும் ஒரு புரதம் அது. குறிப்பிட்ட காரணி வந்து ஒட்டினால் மட்டும் உள்ளே தகவல் போகும். ஏற்பி இல்லாத செல்லுக்கு அந்தக் காரணியை எவ்வளவு கொட்டினாலும் ஒன்றும் நடக்காது.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டான்லி கோஹன் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து ஒரு சாற்றைப் பிரித்துப் பிறந்த குட்டிகளுக்கு ஊசியாகப் போட்டுவந்தார். வழக்கமாக 12 முதல் 14 நாளில் கண் திறக்கும் குட்டிகள் ஆறேழு நாளிலேயே திறந்தன. இமைத் தோல் சீக்கிரம் முதிர்ந்துவிட்டது. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அவர் 1962-இல் வெளியிட்டார். அதுதான் இ.ஜி.எஃப்., அதாவது மேல்தோல் வளர்ச்சிக் காரணி. இதற்காக 1986-இல் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடன் நோபல் பரிசும் கிடைத்தது.

இடையில் நடந்ததுதான் நமக்கு முக்கியம். மனிதச் சிறுநீரிலிருந்து வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒரு புரதத்தை வேறு ஆய்வாளர்கள் தனியாகப் பிரித்து யூரோகாஸ்ட்ரோன் என்று பெயரிட்டு வைத்திருந்தார்கள். 1975-இல் அதன் அமைப்பைப் படித்துப் பார்த்தால், அது மனித இ.ஜி.எஃப்.பேதான். நாம் தினமும் கழிவறையில் விடும் நீரில் அது போய்க்கொண்டிருக்கிறது. அதைத் தயாரிப்பது பெரும்பாலும் சிறுநீரகமேதான். வெளியிலிருந்து ஊசியாகக் கொடுக்கலாமே என்று கேட்கப்படும் பொருளைச் சிறுநீரகம் ஓயாமல் உற்பத்தி செய்துகொண்டிருக்கிறது.

அடிபடுவது எந்த இடம்?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஆளுக்கு ஆள் இது மிகவும் மாறும். சிலருக்கு இரண்டு லட்சம்தான், சிலருக்கு இருபது லட்சத்துக்கு மேல். நெஃப்ரான் என்பது ஒரு வடிகட்டியும் அதோடு ஒட்டிய நீண்ட குழலும் சேர்ந்த ஒரு யூனிட். வடிகட்டி என்பது நுண்ணிய ரத்தக்குழாய்களின் முடிச்சு. இரண்டு சிறுநீரகங்களின் வடிகட்டிகளும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிக்கின்றன. வெளியே வருவது ஒன்றரை லிட்டர் போல. மிச்சத்தை ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது குழலின் வேலை. அதில் மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டியை அடுத்து வரும் முதல் பகுதியே இழுத்துக்கொள்கிறது.

அந்த முதல் பகுதிச் செல்கள் இரவு பகல் பாராமல் பம்பு ஓட்டுபவை. ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிப்பவை. ஆனால் அந்தக் குழலின் கடைசித் துண்டு இறங்கி நிற்பது சிறுநீரகத்தின் உட்பகுதியில். அங்கே ஆக்சிஜன் எப்போதுமே பற்றாக்குறை. இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சிறுநீரகத்துக்கு வருகிறது என்றாலும், அதில் பெரும்பகுதி மேற்புறத்தோடு நின்றுவிடும். கடைமடை நிலத்தின் கதைதான். வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை.

அதனால் வாந்தி பேதியில் உடம்பு வறண்டாலும், ரத்தத்தில் கிருமி பரவி பிரஷர் விழுந்தாலும், கண்ணாடி விரியன் கடித்தாலும், ஜென்டாமைசின் போன்ற மருந்து தேங்கினாலும் பெரும்பாலும் முதல் அடி இந்தக் குழல் செல்களுக்கே. சில நாட்களுக்குள் சிறுநீரக வேலை சரிவதைத் திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்கிறோம். 2012-இல் வந்த சர்வதேச வரையறைப்படி, 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 மில்லிகிராம் ஏறினாலோ, ஏழு நாளுக்குள் பழைய அளவைப் போல் ஒன்றரை மடங்கானாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் ஒரு கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லிக்கும் கீழே போனாலோ அது இந்தப் பாதிப்பு. 50 கிலோ எடையுள்ளவருக்குக் கணக்குப் போட்டால் ஆறு மணி நேரத்தில் 150 மில்லி. ஒரு டம்ளர்கூடத் தேறாது. 0.8 இருந்த கிரியேட்டினின் 1.2 ஆவதை, ‘நார்மலுக்குள்தானே இருக்கிறது’ என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அது ஒன்றரை மடங்கு.

இந்த நோயாளியின் சிறுநீரைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் சேற்றுப் பழுப்பில், விரல் துண்டுபோல உருண்டு நீண்ட வார்ப்புகள் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாகச் சிதைந்த துகள்கள். குழலின் சுவரிலிருந்து செத்து உதிர்ந்த செல்கள் குழலுக்குள்ளேயே சிக்கி, குழலின் வடிவத்திலேயே இறுகி வெளியே வந்தவை அவை. உள்ளே சுவரில் சொட்டை விழுந்திருக்கிறது என்பதற்கு இதைவிடக் கண்ணால் பார்க்கும் சாட்சி வேண்டாம்.

இதுவரை பார்த்தது: வளர்ச்சிக் காரணி ஒரு கட்டளை, ஏற்பி அதன் காது. திடீர்ப் பாதிப்பில் பெரும்பாலும் அடிபடுவது குழல் செல்கள்.

சொட்டை எப்படி நிரம்புகிறது?

நடவு முடிந்து பத்து நாள் கழித்து வயலைப் பார்த்தால் அங்கங்கே நாற்று செத்துச் சொட்டை விழுந்திருக்கும். பக்கத்துக் குத்து தூர் கட்டிப் பரவி அந்த இடத்தை மூடிவிடும். வெளியிலிருந்து புது நாற்று வராமலே வயல் நிறைந்துவிடும். சிறுநீரகக் குழலும் இப்படித்தான் ஆறுகிறது.

எலும்பு மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல் வந்து குழலைக் கட்டுகிறது என்று ஒரு காலத்தில் பலமாகப் பேசப்பட்டது. 2008-இல் சுண்டெலியின் குழல் செல்களுக்கு அழியாத அடையாளம் போட்டுவிட்டு, சிறுநீரகத்தைக் காயப்படுத்தி, ஆறிய பின் பார்த்தார்கள். புதிய சுவரில் இருந்தவையும் அடையாளம் உள்ள செல்களே. அதாவது, சாகாமல் தப்பிய செல்கள் பெருகித்தான் சுவரை மூடின.

தப்பிய செல் உடனே பிளந்து இரண்டாகிவிடுவதில்லை. முதலில் தன் பம்புகளைக் கழற்றி வைக்கிறது, மேற்புறத்துத் தூரிகை மயிர்களை உதிர்க்கிறது, தட்டையாகிறது. தொழில் தெரிந்த மேஸ்திரி சித்தாள் வேலைக்கு இறங்குவதுபோல. பிறகு காலி இடத்தின் மேல் ஊர்ந்து பரவுகிறது, பெருகுகிறது. இடம் மூடிய பின் பம்புகளை ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டி, பழையபடி முழுச் செல்லாகிறது. ரத்தக்குழாயை அரை மணி நேரம் அடைத்துத் திறந்த சுண்டெலியில் இரண்டாம், மூன்றாம் நாள்தான் செல் பெருக்கம் உச்சத்தில் இருக்கும். மனிதரில் இந்தப் பாடு முழுக்க முடியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும்.

இந்த வரிசை வார்டில் கண்ணுக்குத் தெரியும். நாலைந்து நாள் சிறுநீரே வராதவருக்குத் திடீரென ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லிட்டர் போகும். ‘கிட்னி சரியாகிவிட்டது’ என்று குடும்பம் நிம்மதி அடையும். கிரியேட்டினினோ இன்னும் இறங்கியிருக்காது. தேங்கியிருந்த யூரியா தண்ணீரை இழுத்துக்கொண்டு போவது ஒரு காரணம். புதிதாக மூடிய சுவரின் செல்களில் பம்பு இன்னும் மாட்டப்படவில்லை என்பது இன்னொன்று. நீர் வடிகிறது, திருப்பி இழுக்க ஆளில்லை. இந்த நாட்களில் பொட்டாசியமும் சோடியமும் கணிசமாக வெளியேறும். நீரையும் உப்புகளையும் அளந்து ஈடு கட்டாவிட்டால், ஆறி வரும் சிறுநீரகத்துக்கு வறட்சியால் இரண்டாவது அடி விழும்.

‘பம்பைக் கழற்று, பரவு, பெருகு’ என்ற கட்டளைகளைக் கொண்டுவருபவை வளர்ச்சிக் காரணிகள். முக்கியமாக மூன்று.

இ.ஜி.எஃப். குடும்பம் அதில் முதல். இதன் உறுப்பினர்கள் சிலர் செல்லின் மேல்தோலில் கட்டிப்போட்டபடி காத்திருப்பார்கள். அடிபட்டதும் ஒரு நொதி வந்து கட்டை அறுக்கும்; காரணி விடுபட்டுப் பக்கத்திலுள்ள ஏற்பியில் ஒட்டும். புதிதாகத் தயாரித்து அனுப்பும் தாமதம் இல்லை.

எச்.ஜி.எஃப்., ஈரல் செல் வளர்ச்சிக் காரணி. ஈரல் ஆய்வில் முதலில் அகப்பட்டதால் இந்தப் பெயர். சிறுநீரகத்திலும் இதற்கு நிறைய வேலை. இதைப் பெரும்பாலும் தயாரிப்பது குழல்களுக்கு இடையில் இருக்கும் செல்கள், கேட்பது குழல் செல்கள். ரத்தத்தில் செயலற்ற வடிவில் திரியும். காயப்பட்ட இடத்தில் உள்ள நொதி வெட்டினால்தான் உயிர் பெறும். குழல் செல்களைப் பெருக்குவதோடு, தழும்பாகாமல் தடுக்கும் குணமும் இதற்கு உண்டு.

மூன்றாவது ஐ.ஜி.எஃப்.-1. இன்சுலின் சாயல் கொண்டது. செல் சாவைக் குறைக்கும், ரத்த ஓட்டத்தைக் கூட்டும். இதன் கதையைக் கடைசியில் பார்க்கலாம்.

ஆறுவதும் வளர்வதும் ஒன்றல்ல

இங்கேதான் பெரும்பாலான குழப்பம். நிரம்புவது குழலின் சுவர் மட்டுமே. முழு நெஃப்ரான் ஒன்று அழிந்தால் அந்த இடத்தில் புது நெஃப்ரான் முளைக்காது. கருவில் ஏறத்தாழ 36-ஆம் வாரத்தோடு நெஃப்ரான் உருவாவது முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு இருப்பைச் செலவழித்து வாழ்வதுதான், வரவு கிடையாது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைப் பிற்காலத்திலும் கவனிக்கச் சொல்வதன் காரணம் இது.

“தானம் கொடுத்தவங்களுக்கு மிச்ச கிட்னி பெரிசாயிடுதே?” என்று கேட்கலாம். ஆகிறதுதான். ஒரு சிறுநீரகம் கொடுத்தவருக்கு மற்றது பருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் கிட்டத்தட்ட 70 சதவீதத்தைத் தனியாகச் செய்யும். ஆனால் உள்ளே நெஃப்ரான் எண்ணிக்கை கூடுவதில்லை, இருக்கும் ஒவ்வொன்றும் பருக்கிறது. நான்கு பேர் தூக்கிய பல்லக்கை இரண்டு பேர் தூக்கும்போது தோள் புடைக்கும். ஆள் கூடியதாகக் கணக்கில்லை.

சுருக்கம்: தப்பிய குழல் செல்கள் பெருகிச் சுவரை மூடும், அதற்கு வளர்ச்சிக் காரணிகள் கட்டளையிடும். போன நெஃப்ரான் போனதுதான்.

சொட்டையில் கோரை முளைத்தால்

வயலில் சொட்டை பெரிதாகிப் பக்கத்துக் குத்துகளால் மூட முடியாமல் போனால் கோரை வந்து உட்கார்ந்துகொள்ளும். பச்சையாகத்தான் இருக்கும், நெல் கிடைக்காது. சிறுநீரகத்தில் இந்தக் கோரைக்குப் பெயர் நார்த்திசு. வேலை செய்யும் செல் இருந்த இடத்தைக் கொலாஜன் என்ற நார்ப்புரதம் அடைத்துக்கொள்வது. வெளிக்காயத்தில் தழும்பு என்கிறோமே, அதே சரக்கு. இது பரவி நிரந்தரமாக வேலை குறைந்து போவதுதான் நாள்பட்ட சிறுநீரக நோயின் பொதுப் பாதை. சர்க்கரை நோயில் தொடங்கினாலும், ரத்த அழுத்தத்தில் தொடங்கினாலும், கடைசியில் எல்லாம் இந்தத் தழும்பில் வந்து முடிகின்றன.

தழும்புக்குக் கட்டளையிடும் தலைமைக் காரணி டி.ஜி.எஃப்.-பீட்டா. செல்களுக்கு இடையில் உறை போட்டு வைத்த நிலையில் ஏராளமாக இது கிடக்கிறது; காயம் பட்டதும் உறை கிழிந்து வெளிவருகிறது. இது குழல் செல்லிடம் ‘பெருகாதே’ என்கிறது, நார் நூற்கும் செல்லிடம் ‘நூற்றுத் தள்ளு’ என்கிறது. ஒரே காரணி, கேட்பவரைப் பொறுத்து வேறு சேதி.

நார் நூற்பது யார்? குழல்களைச் சுற்றி ஓடும் நுண் ரத்தக்குழாய்களை அணைத்தபடி சில செல்கள் நிற்கின்றன. குழாய் உதிர்ந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது அவற்றின் வேலை. அடிபட்ட குழல் செல்கள் பி.டி.ஜி.எஃப். என்ற இன்னொரு காரணியை அனுப்பும்போது, இவை குழாயை விட்டு விலகி வந்து பெருகுகின்றன, பிறகு டி.ஜி.எஃப்.-பீட்டாவின் சொல் கேட்டு நார் நூற்கின்றன. நஷ்டம் இரட்டிப்பு. தழும்பும் வருகிறது, தாங்க ஆளில்லாத நுண்குழாய்களும் மறைகின்றன. ரத்தம் குறைகிறது, ஆக்சிஜன் இன்னும் குறைகிறது, அதனால் மறுபடி காயம்.

இதே இடைவெளிச் செல்களில் ஒரு பகுதிதான் எரித்ரோபொய்ட்டின் தயாரிப்பவை. ரத்தச் சிவப்பணுக்களை உற்பத்தி செய்யச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குப் போகும் ஹார்மோன் அது. இந்தச் செல்கள் நார் நூற்கப் போய்விட்டால் பழைய தொழிலை மறந்துவிடுகின்றன. சிறுநீரக நோயாளியின் முகம் வெளிறிப் போவதற்கும், இரும்பு மாத்திரை மட்டும் கொடுத்து ஹீமோகுளோபின் ஏறாததற்கும், அந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஊசியாகத் தொடர்ந்து போட வேண்டியிருப்பதற்கும் இது பெரிய காரணம்.

நல்ல எண்ணத்தோடு தொடங்கிய குழல் செல்லே தழும்புக்குத் துணைபோவதும் உண்டு. கடுமையான காயத்தில் சில செல்கள் பெருகத் தொடங்கி, இரண்டாகப் பிரிவதற்குச் சற்று முன் அப்படியே நின்றுவிடுகின்றன. 2010-இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது இது. பாதியில் நின்ற செல் சும்மா இருப்பதில்லை, டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற தழும்புக் காரணிகளைச் சுரந்துகொண்டே இருக்கிறது. சங்கு நிற்காமல் ஊதுகிறது.

ஒரே ஏற்பி, இரண்டு முடிவு

2012-இல் வந்த இரண்டு சுண்டெலி ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். இரண்டிலும் குழலின் முதல் பகுதியிலிருந்து இ.ஜி.எஃப். ஏற்பியை மட்டும் மரபணு வழியில் நீக்கிவிட்டார்கள். ஒன்றில் திடீர்க் காயம் கொடுத்துப் பார்த்தபோது, ஏற்பி இல்லாத எலிகள் தேறத் தாமதமானது. அப்படியானால் ஏற்பி நல்லது. இன்னொன்றில், ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனை வாரக்கணக்கில் தொடர்ந்து செலுத்தினார்கள். அங்கே ஏற்பி இல்லாத எலிகளுக்குத் தழும்பு குறைவாக இருந்தது. அப்படியானால் ஏற்பி கெட்டது.

இரண்டும் உண்மை. முதல் சில நாள் ஊதினால் ஆற்றும் சங்கு, மாதக்கணக்கில் ஊதினால் தழும்பாக்குகிறது. ‘இந்தக் காரணி கிட்னிக்கு நல்லதா கெட்டதா?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

காயமே இல்லாத நாளில்

வளர்ச்சிக் காரணிகளுக்குத் தினசரி வேலையும் உண்டு. வடிகட்டியில் உள்ள ஒரு வகைச் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற ரத்தக்குழாய் வளர்ச்சிக் காரணியை நாள் முழுதும் சுரக்கின்றன. வடிகட்டியின் நுண்குழாய்ச் சுவரில் இருக்கும் சன்னமான துளைகள் அடைபடாமல் இருப்பது இதனால்தான். புற்றுநோய்க் கட்டிக்கு ரத்தக்குழாய் வளராமல் தடுக்க இந்தக் காரணியைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற மருந்தைக் கொடுக்கிறார்கள். கட்டிக்குப் போக வேண்டிய சேதி நிற்கிறது, கூடவே வடிகட்டிக்குப் போக வேண்டியதும் நிற்கிறது. சிலருக்குச் சிறுநீரில் புரதம் போகிறது, பிரஷர் ஏறுகிறது. அந்த ஊசி போடும் இடங்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரஷர் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று சோதிப்பதும் இதற்காகவே.

கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறிச் சிறுநீரில் புரதம் போகும் நோயிலும் ஏறத்தாழ இதே கதை. நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி அனுப்பும் ஒரு புரதம் வி.இ.ஜி.எஃப்.பை ரத்தத்திலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியேறினால் பெரும்பாலும் சரியாகிவிடுவது அதனால்தான். சரி, குறைந்தால் கெடுதி என்றால் கூட்டிக் கொடுக்கலாமா? சுண்டெலியின் வடிகட்டிச் செல்களில் அதை அளவுக்கு மீறிச் சுரக்கவைத்தபோது வடிகட்டியே நொறுங்கிச் சுருங்கியது.

குடல் புற்றுநோய்க்குத் தரும் செடுக்சிமாப் இ.ஜி.எஃப். ஏற்பியை அடைக்கும் மருந்து. அதைப் போட்டுக்கொள்பவர்களுக்கு மக்னீசியம் இறங்கும். குழலின் பிற்பகுதியில் மக்னீசியத்தைத் திருப்பி இழுக்கும் கதவைத் திறந்து வைப்பது இ.ஜி.எஃப்.பின் அன்றாட வேலை என்பது இப்படித்தான் உறுதியானது.

அப்படியானால் ஊசி ஏன் வரவில்லை?

முயற்சி செய்யாமல் இல்லை. இ.ஜி.எஃப்., எச்.ஜி.எஃப்., ஐ.ஜி.எஃப்.-1 மூன்றுமே எலிகளில் காயத்தை வேகமாக ஆற்றின. அந்த நம்பிக்கையில் ஐ.ஜி.எஃப்.-1-ஐ மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய அந்த ஆய்வில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 72 நோயாளிகள். ஊசி போட்டவர்களும் போடாதவர்களும் ஒரே மாதிரிதான் தேறினார்கள். டயாலிசிஸ் தேவையும் குறையவில்லை.

காரணங்களை ஊகிப்பது கஷ்டமில்லை. எலிக்கு ரத்தக்குழாயை எத்தனை மணிக்கு அடைத்தோம் என்று கடிகாரம் பார்த்துச் சொல்லலாம். மருந்தையும் உடனே கொடுக்கலாம். எலி இளசு, சர்க்கரை கிடையாது, வேறு நோய் கிடையாது. மனிதருக்குக் கிரியேட்டினின் ஏறிக் கண்ணில் படுவதற்குள் செல் செத்து ஒரு நாளாவது ஆகியிருக்கும். ஆய்வில் சேர்த்து மருந்து ஆரம்பிக்கச் சில நாள் கழிந்துவிடும். அதற்குள் உடம்பே தன் கட்டளைகளை அனுப்பி முடித்திருக்கும். ஏற்கெனவே ஊதும் சங்குக்குப் பக்கத்தில் இன்னொரு சங்கு வைத்தால் வேலை இரட்டிப்பாகுமா என்ன? இன்னொரு கவலையும் உண்டு. ‘பெருகு’ என்ற கட்டளை ரத்தத்தில் உடம்பு முழுக்கப் போகும். எங்கேயாவது ஒளிந்திருக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கும் அது கேட்கும்.

கெட்ட காரணியை அடைத்தால்? அதையும் பார்த்தாயிற்று. 1990-இல் எலிகளில் டி.ஜி.எஃப்.-பீட்டாவை எதிர்ப்புரதத்தால் மடக்கியபோது வடிகட்டித் தழும்பு குறைந்தது. பெரிய நம்பிக்கை பிறந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்கள் 416 பேரிடம் இதே வழியில் ஒரு மருந்தைச் சோதித்தார்கள். பலன் தெரியாததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டு, 2017-இல் முடிவு வெளியானது. இந்தக் காரணிக்கு அழற்சியை அடக்கிவைக்கும் நல்ல வேலையும் இருக்கிறது. அது அறவே இல்லாமல் பிறந்த சுண்டெலிகள் மூன்று, நான்கு வாரத்தில் உடம்பெங்கும் அழற்சி பரவிச் செத்துப்போகின்றன. முழுக்க அடைப்பதும் ஆபத்து, அரைகுறையாக அடைத்தால் பலன் தெரியவில்லை.

ஆகவே இன்று ‘கிட்னி குரோத் ஃபேக்டர்’ என்று யாராவது ஊசியோ பொடியோ விற்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் காரணி? எந்த நாளில் கொடுக்கப் போகிறீர்கள்? எந்தச் செல்லுக்குப் போய்ச் சேரும்? பொடியாக விழுங்கினால் கேள்வியே தேவையில்லை. இவை புரதங்கள்; பருப்பைப் போலச் செரித்துப்போகும்.

கையில் இருக்கும் வழி

காரணியை நேரே தொடாமல், அதை உசுப்பிவிடுவதைத் தடுக்கலாம். மேலே சொன்ன ஆஞ்சியோடென்சின், டி.ஜி.எஃப்.-பீட்டாவைச் சுரக்கத் தூண்டும் முக்கியமான பொருள்களில் ஒன்று. எனலாபிரில், லோசார்ட்டான், டெல்மிசார்ட்டான் போன்ற மாத்திரைகள் அதன் வேலையை முறிக்கின்றன. பிரஷர் மாத்திரை என்று நினைத்துச் சாப்பிடுபவர்கள் பலருக்கு, சிறுநீரில் புரதம் போவதைக் குறைத்துத் தழும்பு பரவும் வேகத்தையும் அது மட்டுப்படுத்துகிறது என்பது தெரியாது. பிரஷர் இறங்கிவிட்டது என்று தாமாக நிறுத்திவிடுகிறார்கள். மறுபக்கம், வாந்தி பேதியில் உடம்பு வறண்டு கிடக்கும் நாளிலும் விடாமல் போட்டுக்கொண்டால் இதே மாத்திரை வடிகட்டும் அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும். அப்படிப்பட்ட நாட்களில் நிறுத்தி வைக்க வேண்டுமா, எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது அடி விழாமல் பார்ப்பது அடுத்தது. ஒரு முறை ஆறிய குழலைச் சுற்றி நுண்குழாய்கள் முன்பைவிடக் குறைந்திருக்கலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய் விரிவதைத் தடுப்பவை. மெடிக்கல் ஷாப்பில் இடுப்பு வலிக்கென்று வாங்கும் கலவை மாத்திரை அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்று படித்துப் பாருங்கள். சி.டி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றும் முன் பழைய பாதிப்பைச் சொல்லிவிட வேண்டும்.

திடீர்ப் பாதிப்பிலிருந்து மீண்டு வீட்டுக்கு வந்தவருக்கு மூன்றாம் மாதம் ஒரு பரிசோதனை அவசியம்: ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் (ரத்தத்தில் உள்ள ஒரு புரதம்)–கிரியேட்டினின் விகிதம், பிரஷர். விகிதம் 30-க்கு மேல் இருந்தால் உள்ளே வடிகட்டி ஒழுகுகிறது என்று பொருள். கிரியேட்டினின் ‘நார்மல்’ என்று வந்திருந்தாலும் சரி. ஒரு மாதம் படுக்கையில் கிடந்து எட்டுப் பத்துக் கிலோ இளைத்தவருக்குக் கிரியேட்டினின் இயல்பாகவே குறைவாகக் காட்டும். அது தசையிலிருந்து வருவது. தசை கரைந்தால் அதுவும் குறையும், சிறுநீரகம் தேறியதாக அர்த்தமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரியேட்டினின் எவ்வளவு உச்சத்துக்குப் போனது, வீட்டுக்கு அனுப்பும்போது எவ்வளவு இருந்தது என்ற இரண்டு எண்களும் இருக்கும். அந்தத் தாளை பைலில் பத்திரப்படுத்தி, பிறகு வெறும் காய்ச்சலுக்குப் போனாலும் டாக்டரிடம் முதலில் நீட்டுங்கள். அதைப் பார்த்துத்தான் அவர் ஊசியையும் மாத்திரையையும் மாற்றி எழுதுவார்.